கூரைக்கும் மூச்சு வேண்டும்

(பண்ணை வானொலிப் பேச்சு)



கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களின் கொட்டகையை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? முகட்டில் நெடுக இடைவெளி விட்டு, அதன்மேல் தொப்பி மாதிரி ஒரு சின்னக் கூரையை வைத்திருப்பார்கள். "இது எதுக்கய்யா?" என்று கேட்டால், "சூடு மேலே ஏறிப் போகணுமில்லீங்களா? இல்லாட்டி சித்திரை வெயில்லே கோழி தாங்காதுங்க" என்பார்கள். சரியான பதில்தான். ஆனால் அதே மனிதர் தனக்கு வீடு கட்டும்போது மேலே ஒரு எறும்பு போக வழியில்லாமல் அடைத்து விடுகிறார். கோழிக்குக் கிடைத்த காற்று, வீட்டில் படுத்திருக்கும் கிழவிக்கும் கைக்குழந்தைக்கும் கிடைப்பதில்லை. மத்தியானம் ஆனால் சொந்த வீட்டை விட்டு வேப்ப மரத்தடிக்கு ஓட வேண்டியிருக்கிறது.

நம் முன்னோர் கட்டிய வீடுகளில் சூடு போக வழி இருந்தது. அது எப்போது அடைந்தது, ஏன் அடைந்தது? அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அடைந்த கதை தெரிந்தால் திறக்கும் வழியும் தெரியும்.

முதலில் கீற்று வீட்டை எடுத்துக்கொள்வோம். பனையோலையோ, தென்னங்கீற்றோ, விழலோ, எது வேய்ந்தாலும் அந்தக் கூரை கனமான மெத்தை மாதிரி. அடுக்கடுக்கான ஓலைக்குள்ளே காற்று சிறைப்பட்டு நிற்கிறது. வெயில் மேல் ஓலையைச் சுட்டாலும், கீழ் ஓலைக்குச் சூடு லேசில் இறங்காது. அடுப்புப் புகை ஓலையின் சந்துகள் வழியாகக் கசிந்து போய்விடும். புகை போன வழியாகவே வெப்பக் காற்றும் போயிற்று. ஆனால் கீற்று வீட்டின் குறையையும் மறைக்கக் கூடாது. அடிக்கடி வேய வேண்டும். ஒரு பொறி போதும், தெருவே எரிந்துவிடும். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டதை நாம் மறக்க முடியாது. ஆகவே கீற்றுக்கே திரும்பிப் போங்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

அடுத்தது நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் வனைந்து, சூளையில் சுட்ட சின்ன ஓடுகள். வரிச்சலின் மேல் இரண்டு மூன்று அடுக்காகப் பரப்புவார்கள். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் நூறு சந்துகள். மழைத் தண்ணீர் இறங்காது, ஆனால் உள்காற்று ஏறிப் போகும்.

ஓட்டுக்கும் அறைக்கும் நடுவே தனியாக ஒரு மேல்வெளி வைத்துக் கட்டுவதும் நம் பக்கத்தில் உண்டு. பார்க்க வேண்டுமானால் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் வாருங்கள். 1601-ஆம் ஆண்டு வாக்கில் கட்டத் தொடங்கி, 18-ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா காலத்தில் பெரிதாக்கிய மர அரண்மனை. சரிந்த ஓட்டுக் கூரை; அதற்கு அடியில் மரப்பலகைத் தட்டு; இரண்டுக்கும் நடுவில் ஆள் நுழையும் இடம். கூரையின் முக்கோண முகப்பில் சாய்ந்த மரச் சட்டங்களை அடுக்கிச் சல்லடை போல விட்டிருக்கிறார்கள். மழைச் சாரல் உள்ளே வராது, சூடு வெளியே போகும். ஓட்டில் பிறக்கிற சூடு மேல்வெளியிலேயே கழிந்துவிட, கீழே அறையில் நிற்பவருக்கு மரப்பலகை மட்டும்தான் தெரியும். தரை குளுகுளு என்றிருக்கும்.

இனி மங்களூர் ஓட்டுக்கு வருவோம். பிரான்ஸ் நாட்டு அல்சாஸ் பகுதியில் ஜிலார்டோனி சகோதரர்கள் என்பவர்கள், ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் தட்டை ஓட்டுக்கு 1841-ல் காப்புரிமை வாங்கினார்கள். அந்த வகை ஓட்டைப் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பவர் 1865-ல் மங்களூரில், ஜெப்பு என்ற இடத்தில் தொழிற்சாலை வைத்துச் செய்ய ஆரம்பித்தார். நேத்திராவதி ஆற்றுக் களிமண் அதற்கு வாகாக இருந்தது. பிறகு கோழிக்கோடு, பாலக்காடு பக்கங்களிலும் ஆலைகள் வந்தன. ரயிலேறி நம் ஊர்களுக்கும் ஓடு வந்தது. நூறு சதுர அடிக்கு நூற்றைம்பது ஓடு என்று கொத்தனார் விரல் விட்டுக் கணக்குச் சொல்வார்.

இந்த ஓடு கெட்டியாகக் கவ்விக்கொள்வதால் நாட்டு ஓட்டில் இருந்த சந்து குறைந்துபோயிற்று. அது செய்தவர்களுக்கும் தெரியும். அதனால்தான் முகட்டு ஓடு, கண்ணாடி ஓடு இவற்றோடு, மூக்கு வைத்த காற்று ஓடும் செய்து விற்றார்கள். கூரைக்கு அடியில் பரப்புவதற்கென்று தனி அடி ஓடும் வந்தது. மேல் ஓடு வெயிலை வாங்கிக்கொள்ளும், அடி ஓடு நிழலில் இருக்கும். பத்மநாபபுரத்து யோசனையேதான், விலை மட்டும் மலிவு.

மெட்ராஸ் டெரஸ் போட்ட மாடி வீடுகளும் இருந்தன. தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்தி நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, தட்டோடு பதித்த தளம். அங்கே மேல்வெளி கிடையாது. அதற்குப் பதிலாகக் கூரையை உயரத்தில் வைத்து, சுவரின் உச்சியில் வெண்டிலேட்டர் விட்டார்கள். சூடு ஆள் தலைக்கு மேலே நின்று அப்படியே வெளியேறும்.

இவ்வளவு நன்றாக இருந்த ஏற்பாடு எப்படிப் போயிற்று? இங்கேதான் நுட்பம் இருக்கிறது. முகட்டு வழியை நம் ஜனங்கள் "புகைக்கூண்டு" என்றே சொன்னார்கள். விறகடுப்புப் புகை போவதற்குத்தான் அது என்று நினைத்தார்கள். கேஸ் அடுப்பு வந்தது. 2006-க்குப் பிறகு அரசே இலவசமாகவும் கொடுத்தது. புகை நின்றது. "இனிமே இது எதுக்கு? எலி வருது, வௌவால் வருது, அடைச்சுடு" என்று அடைத்துவிட்டார்கள். புகை போய்விட்டது, சூடு மாட்டிக்கொண்டது. புகைக்காக வைத்தது என்று நினைத்த வழி, சத்தமில்லாமல் சூட்டையும் சுமந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அதோடு கூரைப் பொருளும் மாறிற்று. நெளித்த தகரத்துக்கு ஹென்றி பாமர் என்ற பொறியாளர் 1829-ல் லண்டனில் காப்புரிமை பெற்றார். அவர் துறைமுகக் கம்பெனியின் பொறியாளர். சரக்குக் கொட்டகைக்குத்தான் அதைப் போட்டார். சரக்குக்கு வெயில் தெரியாது; நமக்குத் தெரியுமே! தகரமோ சிமெண்ட் ஷீட்டோ, மெல்லிசு. உச்சி வெயிலில் தகரம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். அப்புறம் கான்கிரீட் வந்தது. தீப்பிடிக்காது, புயலுக்குப் பறக்காது, ஏழைக்கு அது பெரிய பாதுகாப்பு. 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்குவதாக 2010-ல் அரசு திட்டம் அறிவித்தது. 2011-ல் 300 சதுர அடி பசுமை வீட்டுத் திட்டம் வந்தது. 2024-ல் இன்னொரு திட்டமும் தொடங்கியது. நல்ல காரியங்கள்தான். ஆனால் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, சாயங்காலத்துக்கு மேல் உள்ளே கக்குகிறது. அதனால்தான் ராத்திரி பத்து மணிக்கு வெளியே குளிர்ந்தாலும் உள்ளே அனல் அடிக்கிறது.

சரி, மேலே ஒரு ஓட்டை போட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? தீராது. இதை விளக்க, குளிர் நாட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கூரைக்கும் அறையின் மேல்தட்டுக்கும் நடுவில் மேல்வெளி விட்டுத்தான் வீடு கட்டுகிறார்கள். 1930-களில் அங்கே குளிர்காலத்தில் வீட்டின் ஈரக் காற்று மேலே போய்க் கூரைப் பலகையில் படிந்து மரத்தை இற்றுப்போகச் செய்கிறது என்று ஆராய்ந்தார்கள். 1942-ல் அரசின் வீட்டுக் கடன் அமைப்பு ஒரு விதி போட்டது: மேல்தட்டு 300 சதுர அடி என்றால், காற்று வழி 1 சதுர அடி. குளிர்காலத்து ஈரத்துக்காகப் போட்ட விதி அது. பிறகு கோடையில் வீடு குளிரவும் அதுவே போதும் என்று பலர் நம்பினார்கள். ஆனால் நம்மைப் போலவே வெயில் காயும் புளோரிடா மாநிலத்தில், 2000-ஆம் ஆண்டு, ஒரே மாதிரி வீடுகளில் கூரையை மட்டும் மாற்றிப் போட்டு மின்சாரச் செலவை அளந்து பார்த்தார்கள். காற்று வழி இருந்தும், கருநிறக் கூரை வீட்டைவிட வெள்ளைக் கூரை வீட்டில் செலவு நன்றாகக் குறைந்தது.

காரணம் எளியது. கூரையின் சூடு இரண்டு விதமாக நம்மை அடைகிறது. ஒன்று, காற்றைச் சுட வைத்து. அந்தக் காற்று லேசானது, மேலே நிற்கும். முகட்டில் வழி விட்டால் போய்விடும், தாழ்வாரப் பக்கமாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். இன்னொன்று அடுப்புத் தணல் மாதிரி. தணலுக்கு எதிரே உட்கார்ந்தால், நடுவில் காற்று அடித்தாலும் முகம் சுடுகிறதல்லவா? அதே போல் சுட்ட தகரம் நேராக நம் தலையைச் சுடுகிறது. இதற்குக் காற்று வழி போதாது. நடுவில் மறைப்பு வேண்டும், அல்லது கூரையே சுடாமல் இருக்க வேண்டும். அடி ஓடும் பலகைத் தட்டும் இந்த மறைப்பைத்தான் கொடுத்தன.

ஆகவே மூன்று காரியம் சேர வேண்டும். மேலே வெளுப்பு அல்லது நிழல், நடுவிலே மறைப்பு, உச்சியிலே வழி.

ஓட்டு வீட்டுக்காரர்கள், அடைத்த முகட்டு வழியைத் திறந்து, எலியும் பாம்பும் நுழையாதபடி கம்பி வலை அடியுங்கள். தாழ்வாரப் பக்கமும் கொஞ்சம் திறப்பு வேண்டும். கீழே நுழையாமல் மேலே காற்று போகாது. 300 சதுர அடிக்கு 1 சதுர அடி என்பதை நம் வெயிலுக்கு இரண்டு மடங்காக வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. பாதி கீழே, பாதி மேலே. தகர வீட்டுக்காரர்கள், கூரைக்குக் கீழே ஒரு அடி விட்டு மூங்கில் தட்டியோ பனம்பாயோ கட்டுங்கள். ஓரங்களை இறுக்கி அடைக்க வேண்டாம். அந்த இடைவெளியிலும் காற்று ஓட வேண்டும். அடுப்புக்கு மேலே மட்டும் கட்டக் கூடாது. கல்நார் கலந்த சிமெண்ட் ஷீட்டாக இருந்தால் அதை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். சுவரின் உச்சியில் வழி வையுங்கள்.

கான்கிரீட் வீட்டுக்கு, கோடை பிறக்கும் முன்பே தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். முடிந்தால் மொட்டை மாடியில் கால் நட்டுப் பந்தல் போடுங்கள். யோசித்துப் பார்த்தால் பந்தல் என்பது என்ன? நாலு பக்கமும் திறந்த மேல்வெளிதான்! கீற்றானால் மின்கம்பி பக்கம் வராமல், காற்றுக்குப் பறக்காமல் இறுக்கிக் கட்டுங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள், எதிரெதிர்ச் சுவரில் தளத்தை ஒட்டி வெண்டிலேட்டர் விடச் சொல்லிக் கொத்தனாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இதில் பணமும் இருக்கிறது. ஒன்றரை டன் ஏ.சி. எந்திரம் நன்றாக ஓடும்போது மணிக்குச் சுமார் ஒன்றரை யூனிட் இழுக்கும். ராத்திரி எட்டு மணி நேரம் அப்படி ஓடினால் 12 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை கட்டணம் இல்லை என்று 2016-ல் அரசு அறிவித்தது. அந்த 100 யூனிட்டை அது ஒன்பதே ராத்திரியில் தின்றுவிடும். சுண்ணாம்புக்கும் மூங்கில் தட்டிக்கும் மீட்டர் ஓடாது. ஏ.சி. வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்; கூரை குளிர்ந்தால் எந்திரம் ஓடும் நேரம் குறையும்.

இன்று மத்தியானம் இரண்டு மணிக்கு, வெளியே போகாமல், உங்கள் வீட்டில் வயதானவர்கள் படுக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நீங்களும் படுத்துப் பாருங்கள். அண்ணாந்து பாருங்கள். சூடு போக எங்கே வழி என்று தேடுங்கள். கோழிக்கு விட்ட வழியைப் பெற்ற தாய்க்கும் விடுவோம்.