ஏர்பேக் திரும்பப்பெறல் (இந்தியா)
மோதலில் விரிந்து உயிர்காக்க வேண்டிய ஏர்பேக், டகாட்டா நிறுவனத் தயாரிப்புகள் சிலவற்றில் உலோகச் சில்லுகளை முகத்தில் வீசியது. வாயு உண்டாக்கும் அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் ஆண்டுக்கணக்கில் சிதைந்து, எரியும்போது கலனையே பிளந்ததுதான் காரணம். 2017இல் அந்த ஜப்பானிய நிறுவனம் திவாலானது. மாற்று உதிரிக்காகப் பல நாடுகளில் உரிமையாளர்கள் காத்துக் கிடந்தனர். இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல் குறையுள்ள வண்டிகளைத் திரும்பப்பெற அரசே ஆணையிடலாம். பரிசோதிக்கப் புணேயின் ஏஆர்ஏஐ போன்ற அமைப்புகள் உண்டு. ஆனால் விதி ஏழாண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே. பழைய வண்டியின் கோளாறு தேய்மானம்தானே என்பர். பிரேக் கட்டைக்கு அது சரி. வயதாக ஆக ஆபத்து கூடும் இந்த ரசாயனத்துக்குப் பொருந்தாது. அரசு ஆணையிட இத்தனை புகார்கள் வர வேண்டும் என்ற வரம்பும் அப்படியே: விபத்து நேரும்வரை கண்ணுக்கு எதுவும் தெரியாதபோது புகார் எங்கிருந்து வரும்? நிறுவனங்கள் தாமாகவே அழைக்கின்றன என்பது உண்மை. கைமாறிய வண்டியின் இன்றைய உரிமையாளரை அந்த அழைப்பு எட்டும் என்பது நிச்சயமில்லை.