பெயர் பழசு, பெறுபவர் புதுசு: பாஞ்சாலங்குறிச்சி முதல் பிட்காயின் வரை

பாஞ்சாலங்குறிச்சி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கட்டபொம்மனின் வீர வசனங்கள்தான். அந்த வசனங்களுக்குப் பின்னால் ஒரு கணக்கு வழக்கு இருக்கிறது. வணிகவியல் படிப்பவர்களுக்கு அதுதான் வசனத்தை விடச் சுவையானது!

தூத்துக்குடி பக்கம், ஒட்டப்பிடாரத்துக்கு அருகே இருந்த இந்தப் பாளையம் ஆர்க்காட்டு நவாபுக்கு 'பேஷ்குஷ்' என்கிற திறை கட்ட வேண்டும். நவாபுக்கோ கழுத்தளவு கடன். 1792 ஜூலையில் நவாப் முகமது அலிக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. பாளையக்காரர்களிடம் திறை வசூலிக்கும் உரிமை கம்பெனிக்குப் போனது. வேடிக்கை என்னவென்றால், வசூல் மட்டும் நவாபின் பெயரிலேயே நடக்க வேண்டும் என்று ஏற்பாடு. பெயர் பழசு, பணத்தை வாங்கும் கை புதுசு. கொடுக்க வேண்டியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பாக்கி ஏறியது. 1798 செப்டம்பர் 10 அன்று ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனுடன் நடந்த சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 போருக்குப் பிறகு கோட்டையும் தரைமட்டம். இன்று சுற்றுலாவாகப் போய்ப் பார்க்கிற கோட்டை 1974-ல் தமிழக அரசு கட்டியது.

சரி, இதற்கும் பிட்காயினுக்கும் என்ன சம்பந்தம்? பணம் வாங்கும் இடத்தை மாற்றுவது யார், மாறிவிட்டது என்பது கொடுப்பவருக்கு எப்படித் தெரியும் என்ற அதே கேள்விதான் வாலட் மென்பொருளின் வரலாறு முழுக்க ஓடுகிறது.

முதலில் ஒரு விளக்கம். பர்ஸில் ரூபாய் இருப்பது போல வாலட்டுக்குள் காசு இருப்பதில்லை. எந்த முகவரியில் எவ்வளவு என்று எழுதிய பேரேடு உலகெங்கும் உள்ள கணினிகளில் இருக்கிறது. வாலட்டில் இருப்பது அந்த முகவரிகளுக்கான ரகசியச் சாவிகள் மட்டுமே. சாவி போனால் எல்லாம் போச்சு.

2009 ஜனவரியில் வெளிவந்த முதல் பிட்காயின் மென்பொருளில், இன்று பலர் அறியாத ஒரு வசதி இருந்தது. எதிராளியின் ஐபி எண்ணைத் தட்டினாலே அவருக்குப் பணம் அனுப்பலாம். அவருடைய கணினி அந்த நேரத்தில் ஒரு புதுச் சாவியைக் கொடுக்கும். நடுவில் ஒருவன் புகுந்து "நான்தான் அவர்" என்று தன் சாவியை நீட்டினால்? அனுப்புபவருக்குத் தெரியவே தெரியாது. பின்னாளில் இந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். நிலைத்தது '1' என்று தொடங்கும் நீளமான முகவரி. ஒன்றோடொன்று குழம்பக்கூடிய பூஜ்யமும் பெரிய ஓ-வும், பெரிய ஐ-யும் சின்ன எல்-லும் அதில் வராது. ஓர் எழுத்து தவறினாலும் மென்பொருள் கண்டுபிடித்துவிடும். ஆனால் பிழையே இல்லாத, வேறொருவனுடைய முகவரியை அது எப்படிக் கண்டுபிடிக்கும்?

அடுத்தது மீதிச் சில்லறை விவகாரம். 2010 ஆகஸ்டில் ஒருவர் தன்னிடமிருந்த 9,000 பிட்காயினில் ஒன்றைத் தனக்கே அனுப்பிப் பார்த்தார். மீதி 8,999-ஐ மென்பொருள் தானாகவே ஒரு புது முகவரியில் போட்டது. அவர் எடுத்து வைத்திருந்த பிரதி அதற்கு முந்தையது. அந்தப் பிரதியிலிருந்து வாலட்டை மீட்டபோது புது முகவரியின் சாவி அதில் இல்லை. அவ்வளவுதான்! அதே ஆண்டு அக்டோபரில், முன்கூட்டியே சாவிகளை உருவாக்கிச் சேமித்து வைக்கும் ஏற்பாடு வந்தது. 2012-ல் பீட்டர் வில்லே முன்வைத்த முறையில் ஒரே விதையிலிருந்து எல்லா முகவரிகளையும் முளைக்க வைக்கலாம். 2013-ல் அந்த விதையை 12 அல்லது 24 சாதாரணச் சொற்களாக எழுதி வைக்கும் வழியும் பிறந்தது.

புதுப்பித்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு அதே 2013 ஆகஸ்ட் ஒரு பாடம் சொன்னது. ஆண்ட்ராய்டில் சாவி உருவாக்கும் எண்கள் போதுமான அளவு தாறுமாறாக இல்லை என்று தெரிந்தது. புதிய பதிப்பை நிறுவினால் மட்டும் பழைய முகவரி பாதுகாப்பாகிவிடாது. புது முகவரி உருவாக்கிக் காசு முழுவதையும் அங்கே மாற்ற வேண்டியிருந்தது. 2018 டிசம்பரில் கதை தலைகீழ். எலக்ட்ரம் வாலட் வைத்திருந்தவர்களுக்கு "புதுப்பிக்கவும்" என்று ஒரு செய்தி வந்தது. நம்பி நிறுவியவர்களிடமிருந்து 200 பிட்காயினுக்கு மேல் திருடு போயின. புதுப்பிக்காதவனும் மாட்டினான், புதுப்பித்தவனும் மாட்டினான்!

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2024 ஜூலை 18. இந்தியாவின் பெரிய பரிமாற்றகங்களில் ஒன்றான வசீர்எக்ஸின் ஒரு வாலட்டிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காசுகள் பறந்தன. பாதுகாப்பில் குறையா என்றால், காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. ஆறு சாவிகள்: ஐந்து வசீர்எக்ஸிடம், ஒன்று லிமினல் என்ற காவல் நிறுவனத்திடம். வசீர்எக்ஸில் மூவர் கையெழுத்திட்டு, லிமினலும் ஒப்ப வேண்டும். முன்பே பட்டியலிட்ட முகவரிகளுக்கு மட்டுமே பணம் போகும். அப்படியிருந்தும் எப்படி? கையெழுத்திட்டவர்கள் திரையில் பார்த்தது வழக்கமான ஒரு பரிவர்த்தனை. உண்மையில் கையெழுத்தானது, அந்த வாலட்டை இயக்கும் நிரலையே திருடனின் நிரலாக மாற்றும் உத்தரவு. வாலட்டின் முகவரி மாறவில்லை, ஆள்பவர் மாறிவிட்டார். 1792 ஒப்பந்தம் நினைவுக்கு வருகிறதா?

இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று கை காட்டின. 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் சேர்ந்து, திருடியது வட கொரியா என்று அறிவித்தன.

கடைசியில் வழக்கு சென்னைக்கும் வந்தது. ஒரு முதலீட்டாளர் 2024 ஜனவரியில் ரூ.1,98,516 போட்டு 3,532.30 எக்ஸ்ஆர்பி காசுகள் வாங்கியிருந்தார். திருடு போனவை எத்தீரியம் வகைக் காசுகள். அவருடையவை அந்த வகையே அல்ல. ஆனாலும் கணக்கு முடக்கப்பட்டது, நட்டத்தை எல்லாப் பயனர்களும் பகிர வேண்டும் என்றார்கள். 2025 அக்டோபர் 25 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பில், கிரிப்டோ காசு தொட்டுப் பார்க்கும் பொருளும் அல்ல, நாணயமும் அல்ல, ஆனாலும் அது சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கத்தக்க சொத்து என்றார். மத்தியஸ்த விசாரணை முடியும் வரை ரூ.9.56 லட்சத்துக்கு வங்கி உத்தரவாதம் தருமாறு, அல்லது அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் கட்டுமாறு, வசீர்எக்ஸை நடத்தும் நிறுவனத்துக்கு உத்தரவிட்டார்.