பக்கத்து நாட்டுப் போரும் கம்போடியாவும்

பக்கத்து நாட்டில் போர் நடக்கும்போது நாம் ஒதுங்கியே இருந்துவிட முடியுமா? இந்தக் கேள்விக்கு "முடியும், நடுநிலை என்று அறிவித்துவிட்டால் போதும்" என்று பலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்பவர்கள் ஒருமுறை கம்போடியாவின் கதையைப் படிக்க வேண்டும். பதினைந்து வருடத்துக்கும் மேலாக "எங்களுக்கும் இந்தப் போருக்கும் சம்பந்தமில்லை" என்று கத்திக்கொண்டே இருந்த நாடு அது. கடைசியில் வியட்நாமைவிட மோசமாகச் சிதைந்து போனது என்றுகூடச் சொல்லலாம்.

கதையின் நாயகன் (சிலருக்கு வில்லன்) நோரோதம் சிஹானூக். 1941ல் பதினெட்டு வயதுப் பையனாக இருந்தவரை, சொன்ன பேச்சைக் கேட்பார் என்று நம்பி பிரெஞ்சுக்காரர்கள் அரியணையில் உட்கார வைத்தார்கள். அவர் 1953ல் அவர்களிடமிருந்தே சுதந்திரம் வாங்கிவிட்டார். 1955ல் முடியைத் தன் அப்பாவிடம் கொடுத்துவிட்டு, கட்சி ஆரம்பித்து, தேர்தலில் நின்று, மொத்த இடங்களையும் பிடித்தார். (அந்தத் தேர்தல் எவ்வளவு நேர்மையாக நடந்திருக்கும் என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.) சினிமா எடுப்பார், இசையமைப்பார், சாக்சபோன் வாசிப்பார். நம்மூரில் சினிமாவிலிருந்து ஆட்சிக்கு வந்தார்கள் என்றால், அங்கே ஆட்சியிலிருந்துகொண்டே சினிமா எடுத்தார் மனுஷன்.

ஆனால் அவரை ஒரு கோமாளி என்று ஒதுக்கிவிட முடியாது. 1955ல் பாண்டுங் மாநாட்டுக்குப் போனார். நேரு, சூ என்லாய் ஆகியோரோடு பழகினார். 1957ல் நடுநிலையை நாட்டின் சட்டமாகவே ஆக்கினார். அமெரிக்காவிடமும் உதவி வாங்கினார், சீனாவிடமும் வாங்கினார், சோவியத்திடமும் வாங்கினார். எல்லோரும் வரிசையில் நின்று கொடுத்தார்கள்!

அப்புறம் என்னதான் தப்பாகப் போனது? எனக்குத் தெரிந்தவரை முதல் பதில் பூகோளம்தான். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கம்போடியாவுக்கும் வியட்நாமுக்கும் நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் எல்லை. பெரும்பாலும் காடு. ஓரிடத்தில் அந்த எல்லை கிளியின் மூக்கு மாதிரி தெற்கு வியட்நாமுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். பெயரே கிளிமூக்கு என்றுதான் வைத்திருந்தார்கள். அங்கிருந்து சைகோன் ஐம்பது, அறுபது கிலோமீட்டர்தான். சைகோனைப் பிடிக்க நினைக்கும் ஒரு கெரில்லாப் படைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? அடித்துவிட்டு எல்லையைத் தாண்டி ஓடிவிட்டால், சட்டப்படி அது நடுநிலை நாடு, எதிரி உள்ளே வரக்கூடாது. வடக்கு வியட்நாம்காரர்களும் வியட் காங்கும் அங்கே முகாம்கள், ஆஸ்பத்திரிகள், ஆயுதக் கிடங்குகள் என்று அமைத்துக்கொண்டார்கள்.

சிஹானூக்கிடம் அப்போது இருந்த ராணுவம் சுமார் முப்பத்தைந்தாயிரம் பேர். அதிலும் பலர் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். உலகின் பெரிய வல்லரசோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும் வடக்கு வியட்நாமை இவர்கள் எப்படி விரட்டுவார்கள்? அவர் வேறு கணக்குப் போட்டார். இந்தப் போரில் கம்யூனிஸ்டுகள்தான் ஜெயிக்கப் போகிறார்கள், நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவர்கள்தான், இப்போதே பகைத்துக்கொள்ள வேண்டாம். 1963 நவம்பரில் அமெரிக்க உதவி வேண்டாம் என்றார். 1965ல் அமெரிக்காவோடு உறவையே முறித்துக்கொண்டார். கொஞ்ச நாளில் சிஹானூக்வில் துறைமுகத்தில் சீன ஆயுதங்கள் இறங்கி, லாரிகளில் எல்லைக்குப் போக ஆரம்பித்தன. அந்த வேலையில் கம்போடிய ராணுவ அதிகாரிகளுக்குக் கமிஷன் வேறு.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: அரிசி. எல்லையில் இருக்கும் படைகளுக்குச் சோறு வேண்டுமே! வியட்நாம் கம்யூனிஸ்டுகளின் ஆட்கள் விவசாயிகளிடம் நேரடியாக, அரசாங்க விலையைவிட அதிகம் கொடுத்து வாங்கினார்கள். 1966ல் ஏற்றுமதிக்கு வரவேண்டிய அரிசியில் பெரும்பகுதி இப்படிக் கள்ளத்தனமாக எல்லை தாண்டிப் போனது. அரிசி ஏற்றுமதி வரிதான் அரசின் முக்கிய வருமானம். கஜானா காய்ந்ததும் அரசு ராணுவத்தை அனுப்பி, குறைந்த விலைக்குக் கட்டாயக் கொள்முதல் செய்தது. 1967ல் பட்டம்பாங் மாகாணத்தில் சம்லாவுட் என்ற இடத்தில் விவசாயிகள் கலகம் செய்தார்கள். அதை அரசு கொடூரமாக அடக்கியது. ஆக ஒரு குண்டுகூட தலைநகரில் விழுவதற்கு முன்னாலேயே, சந்தை வழியாகப் போர் உள்ளே வந்துவிட்டது.

எல்லையைக் கண்காணிக்க யாருமே இல்லையா என்று கேட்கலாம். 1954 ஜெனீவா ஒப்பந்தப்படி ஒரு சர்வதேசக் கண்காணிப்புக் குழு இருந்தது. கனடா, போலந்து, இந்தியா மூன்றும் உறுப்பினர்கள். தலைமை நம் இந்தியாதான். ஆனால் அதற்குப் படையும் இல்லை, அதிகாரமும் இல்லை. 1969 கடைசியில் சிஹானூக்கே அதை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்.

அதற்குள் அவருடைய கணக்கும் மாறிக்கொண்டிருந்தது. வியட்நாம் படைகள் போகப் போகப் பெருகின. 1968 ஜனவரியில் அமெரிக்கத் தூதர் செஸ்டர் பௌல்ஸ் நொம் பென் வந்தபோது, ஆளில்லாத பகுதிகளில் வியட் காங்கை விரட்டிக்கொண்டு அமெரிக்கர்கள் வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன் என்ற தொனியில் பேசினார் என்று அமெரிக்கக் குறிப்புகள் சொல்கின்றன. அந்தப் பேச்சுக்கு எவ்வளவு தூரம் அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம் என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. கிஸ்ஸிங்கர் கடைசிவரை அதைத்தான் சாக்காகக் காட்டினார். கிராமத்துக்குப் பக்கத்தில் பி-52 விமானம் குண்டு போடுவதற்குச் சம்மதம் என்று அதை வாசிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

1969 மார்ச் 18. நிக்சன் பதவியேற்று இரண்டே மாதம். பி-52 விமானங்கள் கம்போடியாவுக்குள் குண்டு போட ஆரம்பித்தன. ரகசியத் திட்டத்தின் பெயர் மெனு. ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு சாப்பாட்டு வேளையின் பெயர்: பிரேக்ஃபாஸ்ட், லஞ்ச், டின்னர், ஸ்நாக், டெசர்ட், சப்பர். பெயர் வைத்தவர்களுக்கு எப்படித்தான் சோறு இறங்கியதோ! குண்டு தெற்கு வியட்நாமில் விழுந்ததாகப் பொய்க் கணக்கு எழுதினார்கள். பதினான்கு மாதத்தில் ஒரு லட்சம் டன்னுக்கு மேல். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு முழு விவரம் தெரிய வந்தது 1973ல்தான்.

அடுத்த வருடம் அதே மார்ச் 18. சிஹானூக் வெளிநாட்டில் இருந்தார். தலைநகரில் கூட்டம் வடக்கு வியட்நாம் தூதரகத்தை அடித்து நொறுக்கியிருந்தது. பிரதமர் லோன் நோல், வியட்நாம் படைகள் 72 மணி நேரத்தில் வெளியேற வேண்டும் என்று கெடு விதித்திருந்தார். எழுபத்திரண்டு மணி நேரம்! விரட்டுவதற்கு ஆளில்லாதவர் விதித்த கெடு இது. பிறகு தேசிய சபை கூடி சிஹானூக்கைப் பதவியிலிருந்து நீக்கியது. மாஸ்கோவில் விமான நிலையத்துக்குப் போகும் காரில் கோசிகின்தான் அவரிடம் விஷயத்தைச் சொன்னார்.

இதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் மின்னல் வேகம். சிஹானூக் பீகிங் போய், தான் இதுவரை வேட்டையாடிய கெமர் ரூஜோடு கைகோத்தார். காட்டில் சில ஆயிரம் பேராக இருந்த கூட்டத்துக்கு ராஜாவின் பெயர் கிடைத்தது. கிராமத்து ஜனங்கள் போல் பாட்டுக்காகப் போகவில்லை, ராஜாவுக்காகப் போனார்கள். ஏப்ரல் 30ம் தேதி நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, படைகள் கம்போடியாவுக்குள் நுழைவதை அறிவித்தார். வடக்கு வியட்நாம் படைகள் எல்லையை விட்டு நாட்டின் உள்பக்கம் நகர்ந்தன. ஜூனில் அங்கோர் கோயில்கள் இருக்கும் பகுதியே அவர்கள் கையில். 1973 ஜனவரியில் பாரிஸில் வியட்நாமுக்குச் சமாதானம் கையெழுத்தானதும், சும்மா இருந்த விமானங்கள் எல்லாம் கம்போடியா பக்கம் திரும்பின. அந்த ஆகஸ்ட் 15 வரை மட்டும் சுமார் இரண்டரை லட்சம் டன் குண்டுகள். ஆகஸ்ட் 6ம் தேதி நியாக் லுவாங் என்ற ஊரில் தவறுதலாகப் போட்ட குண்டில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அது அமெரிக்காவின் நட்பு ஊர்!

ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. தாய்லாந்து நடுநிலை பேசவே இல்லை. அமெரிக்காவுக்கு விமான தளங்களைக் கொடுத்தது, தெற்கு வியட்நாமுக்குப் படையும் அனுப்பியது. அது தப்பித்துவிட்டது. லாவோஸுக்கு 1962ல் பதினான்கு நாடுகள் கூடி நடுநிலைக்கு உறுதி கொடுத்தன. அதன் தலையில் இருபது லட்சம் டன் குண்டு. அப்படியானால் நடுநிலை முட்டாள்தனமா? அப்படியும் சொல்ல முடியவில்லை. தாய்லாந்துக்கு வியட்நாமோடு எல்லையே கிடையாது. அதன் மண்ணைப் பயன்படுத்தாமல் ஹனோய் சண்டை போட முடியும். கம்போடியாவின் மண் இல்லாமல் முடியாது. சிஹானூக் அமெரிக்கா பக்கம் சாய்ந்திருந்தால் 1970ல் வந்தது 1960களிலேயே வந்திருக்கும், அவ்வளவுதான். அவர் தடுக்கவில்லை, தள்ளிப்போட்டார். ஆனால் தள்ளிப்போட்ட அந்த வருடங்களில் ராணுவத்தை ஊழல் அரித்துவிட்டது, விவசாயி வெறுத்துவிட்டான். இதற்கு அவரைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

லோன் நோல் 1975 ஏப்ரல் 1ம் தேதி நாட்டை விட்டுப் போய் ஹவாயில் குடியேறினார். அவரோடு சேர்ந்து சிஹானூக்கைக் கவிழ்த்த சிரிக் மாடக்கை, ஏப்ரல் 12ம் தேதி அமெரிக்கத் தூதர் ஹெலிகாப்டரில் ஏறச் சொல்லி அழைத்தார். அவர் மறுத்து ஒரு கடிதம் அனுப்பினார், அமெரிக்கர்களை நம்பியதுதான் தான் செய்த தப்பு என்று. ஐந்து நாளில் கெமர் ரூஜ் நொம் பென்னுக்குள் நுழைந்தது, அவரைக் கொன்றது. அடுத்த நான்கு வருடங்களுக்குள் செத்தவர்கள் பதினைந்திலிருந்து இருபது லட்சம் பேர். அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகையே 1970ல் எழுபது லட்சம்தான்.