பிடிஎஸ்டி: ஒரு வலிக்குப் பேர் வாங்கின சிப்பாய்கள்

இன்னிக்கு எபிசோடுல ஒரே ஒரு வார்த்தையோட வரலாறைப் பார்க்கப் போறோம். பிடிஎஸ்டி.

ஆபீஸ்ல ஒரு மோசமான மீட்டிங் முடிஞ்சாலே "எனக்கு பிடிஎஸ்டி வந்துடுச்சு மச்சி"ன்னு சொல்ற அளவுக்கு அது நம்ம பேச்சுல கலந்துடுச்சு. ஆனா 1980-க்கு முன்னாடி அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேட்டுல இப்படி ஒரு பேரே கிடையாது. அதை உள்ள கொண்டு வந்ததுல பெரிய பங்கு வியட்நாம் போர்ல இருந்து திரும்பி வந்த சிப்பாய்களுக்கு. எப்படி கொண்டு வந்தாங்கங்கறதுதான் இன்னிக்குக் கதை.

பாஸ்டன், 1969

அமெரிக்காவுல முன்னாள் படைவீரர்களுக்குன்னே ஒரு அரசு அமைப்பு இருக்கு. சுருக்கமா வி.ஏ.ன்னு சொல்வாங்க. நாடு முழுக்க அதுக்கு ஆஸ்பத்திரிகள் உண்டு. 1969 செப்டம்பர்ல, பாஸ்டன்ல இருக்கிற வி.ஏ. ஆஸ்பத்திரியில சாரா ஹேலின்னு ஒரு சோஷியல் வொர்க்கர் வேலைக்குச் சேர்றாங்க. முதல் நாளே அவங்ககிட்ட ஒரு இளைஞர் வர்றார். வியட்நாம்ல மை லாய்ங்கற கிராமத்துல, தன் கூட இருந்த சிப்பாய்கள் பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுக் கொன்னாங்கன்னு சொல்றார். அவர் சுடலை. ஆனா வெளிய சொன்னா உன்னையும் கொன்னுடுவோம்னு மிரட்டியிருக்காங்க. அவங்க தேடி வந்துடுவாங்களோன்னு பயம்.

அடுத்து ஸ்டாஃப் மீட்டிங். அந்த இளைஞருக்கு 'பாரனாய்ட் ஸ்கிட்சோஃப்ரீனியா'ன்னு ஏற்கெனவே முடிவு பண்ணியாச்சு. அதாவது, இல்லாததைக் கற்பனை பண்ணிட்டு பயப்படுறார். "அவர் சொல்றது உண்மையா இருந்தா?"ன்னு ஹேலி கேட்கிறாங்க. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. ஹேலியோட அப்பா இரண்டாம் உலகப் போர்ல இருந்தவர். போர்ல என்னவெல்லாம் நடக்கும்னு அவங்க வீட்டுலயே கேட்டு வளர்ந்தவங்க. அதனால அவங்களுக்கு இது கற்பனையாத் தெரியல.

ரெண்டு மாசம் கழிச்சு, நவம்பர்ல, மை லாய் படுகொலை பத்திரிகைகள்ல வெளியாச்சு. 1968 மார்ச் 16 அன்னைக்கு அது நிஜமாவே நடந்திருக்கு.

பேர் இல்லன்னா என்ன ஆகும்?

அந்த டாக்டர்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரங்கன்னு நான் சொல்ல வரல. அவங்க கையில இருந்த புத்தகம் அப்படி. டிஎஸ்எம்னு ஒரு கையேடு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் போடுறது. எந்த நோய்க்கு என்ன பேர்னு அதுதான் முடிவு பண்ணும். 1952-ல வந்த முதல் பதிப்புல, போர் மாதிரியான கொடுமைகளைப் பார்த்தவங்களுக்கு வர்ற கடுமையான மன அழுத்தத்துக்குன்னு தனியா ஒரு பேர் இருந்துச்சு. இரண்டாம் உலகப் போர் அனுபவம் அப்போ எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. 1968-ல ரெண்டாவது பதிப்பு வந்தப்போ அந்தப் பேரைத் தூக்கிட்டாங்க.

வருஷத்தைக் கவனிங்க. 1968. வியட்நாம்ல 5 லட்சத்துக்கும் மேல அமெரிக்கச் சிப்பாய்கள் இருந்த வருஷம்.

அதுக்கப்புறம் ஒருத்தர் தூக்கம் வராம, திடீர் திடீர்னு கோபம் வந்து, பட்டாசு சத்தத்துக்குத் தரையில படுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தா, டாக்டர் என்ன எழுதுவார்? ஸ்கிட்சோஃப்ரீனியா. இல்ல குடிப்பழக்கம். இல்ல ஆளோட குணமே சரியில்ல. எதை எழுதினாலும் அர்த்தம் ஒண்ணுதான்: பிரச்சினை போர்ல இல்ல, இந்த ஆள்கிட்ட. அப்போ சிகிச்சையும் வேற மாதிரி போகும். நஷ்டஈடு கேட்டாலும் கிடைக்கிறது கஷ்டம். நோயோட பேருங்கறது ஒரு விதத்துல பில் மாதிரி. யார் பேர்ல போடுறோமோ, அவங்கதான் கட்டணும்.

நாங்களே பேசிக்கிறோம்

1970 டிசம்பர்ல நியூயார்க்ல ஒரு விஷயம் ஆரம்பிச்சது. போரை எதிர்த்த முன்னாள் சிப்பாய்களோட சங்கம் ஒண்ணு இருந்தது. அவங்க ஆபீஸ்ல வாரா வாரம் கூடி, நடந்ததைப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க. வி.ஏ. மேல நம்பிக்கை இல்ல; அதுவும் தங்களைப் போருக்கு அனுப்பின அதே அரசாங்கத்தோட இடம்தானே! இந்தக் கூட்டத்துக்கு 'ராப் குரூப்'னு பேர் வெச்சாங்க. பாட்டு கிடையாது, அந்தக் காலத்துத் தெருப் பேச்சுல 'ராப்'னா மனசு விட்டுப் பேசுறது.

ரெண்டு மனநல மருத்துவர்களையும் கூப்பிட்டாங்க. ஒருத்தர் ராபர்ட் ஜே லிஃப்டன். ஹிரோஷிமாவுல அணுகுண்டுக்குத் தப்பினவங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி எழுதினவர். இன்னொருத்தர் ஹாயிம் ஷாட்டன். ஆனா டாக்டர்கள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து குறிப்பு எடுக்கிற கதையே இங்க கிடையாது. எல்லாரோடயும் வட்டமா உட்காரணும். சிப்பாய்கள் கேள்வி கேட்டா டாக்டரும் தன்னைப் பத்திப் பேசணும். இடம் சிப்பாய்களோடது, சட்டமும் அவங்களோடது.

அங்க என்ன பேசினாங்க? தனக்கு நடந்தது பாதி. தான் செஞ்சது மீதி. பக்கத்துல இருந்த நண்பன் செத்து, தான் மட்டும் பிழைச்சு வந்த குற்ற உணர்ச்சி. யாரோ ஒரு கிராமத்துல, யாருக்கோ செஞ்ச கொடுமை. இதைக் கேட்கிறது சுலபம் இல்ல. சாரா ஹேலியே 1974-ல இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. நோயாளி தான் செஞ்ச கொடுமையைச் சொல்லும்போது, கேட்கிறவர் முகம் சுளிச்சா அவர் வாயை மூடிடுவார். 'பரவாயில்ல, விடு'ன்னு சமாதானம் சொன்னாலும் அது பொய்னு அவருக்குத் தெரியும். ரெண்டும் இல்லாம உட்கார்ந்து கேட்கணும். இந்த மொத்தக் கதையிலயும் என்னை ரொம்ப யோசிக்க வெச்சது இதுதான்.

அதே சமயம் இன்னொண்ணையும் சொல்லிடணும். மை லாய்ல உயிர் பிழைச்ச கிராமத்து மக்களுக்கு இந்த மாதிரி ஒரு வட்டத்தை அமெரிக்கா போட்டுக் கொடுக்கல.

பதக்கம் வாங்கினவர்

1971 ஏப்ரல் கடைசி. டெட்ராய்ட்ல ஒரு கடையில திருட வந்தார்னு சொல்லி ஒருத்தரைக் கடைக்காரர் சுட்டுட்டார். செத்தவர் பேர் டுவைட் ஜான்சன். வயசு 23. அமெரிக்காவோட மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானரை, ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையால 1968-ல வாங்கினவர். அவர் டாங்க் டிரைவர். 1968 ஜனவரியில, வழக்கமா போற டாங்க்ல இருந்து அவரை வேற டாங்க்குக்கு மாத்தியிருந்தாங்க. அன்னைக்கு நடந்த சண்டையில அவரோட பழைய டாங்க் எரிஞ்சது. உள்ள இருந்தவங்க அவர் நண்பர்கள். அதைப் பார்த்துட்டு அவர் தனி ஆளா இறங்கிப் போட்ட சண்டைக்குத்தான் அந்தப் பதக்கம்.

ஊருக்கு வந்தப்புறம் ராணுவம் அவரை ஆள் சேர்க்கிற வேலைக்குப் பயன்படுத்திக்கிச்சு. மேடை, கைத்தட்டல், போட்டோ. உள்ளுக்குள்ள அவர் உடைஞ்சுட்டு இருந்தார். ராணுவ ஆஸ்பத்திரியில மன அழுத்தம்னு பதிவும் பண்ணாங்க. ஆனா நாடே கொண்டாடின ஒரு ஆளைக்கூடக் காப்பாத்த முடியல.

1972 மே மாசம் ஷாட்டன் நியூயார்க் டைம்ஸ்ல ஒரு கட்டுரை எழுதினார். 'போஸ்ட் வியட்நாம் சிண்ட்ரோம்'ங்கற பேர் அதுல இருந்துதான் பெருசாப் பரவிச்சு.

புத்தகத்துக்குள்ள ஒரு இடம்

1970-கள் நடுவுல டிஎஸ்எம் மூணாவது பதிப்பு தயாராகுது. பொறுப்பாளர் ராபர்ட் ஸ்பிட்சர். சிப்பாய்களுக்குன்னு தனிப் பேர் சேர்க்கிற எண்ணம் முதல்ல அவருக்கு இல்ல. ஷாட்டன், லிஃப்டன், ஹேலி, கூடவே ஜாக் ஸ்மித்னு ஒரு முன்னாள் மரீன், எல்லாரும் சேர்ந்து ஒரு குழு அமைச்சாங்க. நோயாளிகளோட விவரங்களைத் திரட்டினாங்க. நாஜி வதைமுகாம்கள்ல இருந்து தப்பினவங்களுக்குச் சிகிச்சை கொடுத்த டாக்டர்களோட கை கோத்தாங்க. எங்கயோ வேற வேற இடத்துல பட்ட காயம், ஆனா அறிகுறி ஒரே மாதிரி இருக்குன்னு காட்டினாங்க.

1980-ல கையேடு வந்துச்சு. 'போஸ்ட் ட்ராமாட்டிக் ஸ்ட்ரெஸ் டிஸார்டர்'. வியட்நாம்ங்கற பேரை எடுத்துட்டாங்க. அதனாலதான் விபத்து, பாலியல் வன்முறை, சுனாமின்னு எதுல இருந்து தப்பினவங்களுக்கும் அந்தப் பேர் பின்னாடி உதவிச்சு.

இதுக்கு முந்தின வருஷம், 1979-ல, இன்னொரு வெற்றி. பல வருஷம் இழுத்தடிச்ச ஒரு மசோதா நிறைவேறி, வெட் சென்டர்கள் வந்துச்சு. அப்போ வி.ஏ.வோட தலைவர் மேக்ஸ் கிளிலேண்ட். வியட்நாம்ல ரெண்டு காலும் ஒரு கையும் இழந்தவர். ஆஸ்பத்திரி வளாகத்துக்கு வெளிய, கடைத்தெருவுல வாடகைக்கு இடம். வேலை பார்க்கிறவங்கள்ல நிறைய பேர் முன்னாள் சிப்பாய்கள். ராப் குரூப்போட அதே ஐடியா, அரசாங்கச் செலவுல. முதல்ல வியட்நாம் போனவங்களுக்கு மட்டும்னு ஆரம்பிச்சு, அப்புறம் மத்த போர்களுக்கும், குடும்பங்களுக்கும் கதவு திறந்துச்சு. இன்னிக்கு அந்த நாட்டுல சுமார் 300 சென்டர் இருக்கு.

1988-ல ஒரு பெரிய ஆய்வோட முடிவு வந்துச்சு. வியட்நாம் போன ஆண்கள்ல 15.2 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 4,79,000 பேருக்கு, அப்பவும் பிடிஎஸ்டி இருந்தது. போர் முடிஞ்சு 10 வருஷத்துக்கும் மேல ஆச்சு! முதல்லயே நம்பியிருந்தா இதுல எத்தனை பேருக்குச் சீக்கிரம் உதவி போயிருக்கும்?

இன்னிக்கு அமெரிக்காவுல ஒரு முன்னாள் சிப்பாய் 988-க்கு போன் பண்ணி 1-ஐ அழுத்தினா, அவங்களுக்குன்னே இருக்கிற உதவி லைன் எடுக்கும். 1969-ல அந்தப் பாஸ்டன் இளைஞருக்குக் கிடைச்சது ஒரு சோஷியல் வொர்க்கர் மட்டும்தான்.

இந்த எபிசோடைக் கேட்டு யாருக்காவது மனசு பாரமா இருந்தா, இந்தியாவுல டெலி மானஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இயங்குது, தமிழ்லயே பேசலாம். ராணுவத்துல இருந்து வந்த அப்பாவோ மாமாவோ வீட்ல இருந்தா, இந்த நம்பரை அவங்க போன்லயும் சேவ் பண்ணிக் கொடுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.