குப்பை அகற்றினால் ஆறு புள்ளிகள்

ஏப்ரல் 6ஆம் நாளை வளர்ச்சிக்கும் அமைதிக்குமான அனைத்துலக விளையாட்டு நாள் என்று ஐ.நா. பொது அவை 2013ஆம் ஆண்டில் அறிவித்தது. வறுமையாலும் புறக்கணிப்பாலும் ஓரங்கட்டப்பட்ட இளையோரை விளையாட்டின் வழியாகச் சமூகத்தோடு இணைக்கும் குழுக்களுக்கு அரசுகளும் அறக்கட்டளைகளும் நிதி உதவி வழங்கி வருகின்றன. பந்தும் காலணியும் வாங்கிக் கொடுத்தால் புறக்கணிப்பு நீங்கிவிடுமா? இக்கேள்விக்குக் கென்யாவிலிருந்து ஒரு பதில் கிடைக்கிறது.

தலைநகர் நைரோபியில் உள்ள மத்தாரே, தகரமும் மண்ணும் கொண்டு கட்டிய வீடுகள் நெருங்கி நிற்கும் குடிசைப் பகுதி. குப்பை தேங்கிய சாக்கடைகளால் நோய்கள் பரவும் இடம். அங்கு 1987ஆம் ஆண்டில், கனடா நாட்டவரான பாப் மன்ரோ சிறுவர்களுக்காகக் கால்பந்துப் போட்டிகளைத் தொடங்கினார். மத்தாரே இளையோர் விளையாட்டுக் கழகம் இப்படித்தான் பிறந்தது.

தொடக்கத்திலேயே ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். நீங்கள் உங்கள் பகுதிக்கு ஏதேனும் செய்தால் கழகம் உங்களுக்குச் செய்யும்; ஒன்றும் செய்யாவிட்டால் கழகமும் ஒன்றும் செய்யாது. எனவே, ஆட்டத்தில் வென்ற அணிக்கு மூன்று புள்ளிகள்; குறித்த இடத்தில் குப்பை அகற்றி முடித்த அணிக்கு ஆறு புள்ளிகள். கோல் அடிப்பதில் பின்தங்கிய அணியும் மண்வெட்டி எடுத்தால் பட்டியலில் மேலே வரலாம். 1992இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 'குளோபல் 500' விருது இக்கழகத்திற்குக் கிடைத்தது.

அதே ஆண்டில் சிறுமியருக்கும் கால்பந்து தொடங்கியது. வீட்டு வேலையும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதுமே கடமை என்றிருந்த பிள்ளைகள் மைதானத்திற்கு வந்தனர். அணிகளுக்குப் பயிற்சி தருவோர், நடுவர்கள், எய்ட்ஸ் விழிப்புணர்வு ஊட்டுவோர் எனப் பல பொறுப்புகளையும் இளையோரே ஏற்றனர். இத்தகைய பணிகளுக்கும் புள்ளிகள் உண்டு. அதிகப் புள்ளி பெறுவோருக்கான உதவித்தொகை, பள்ளிக் கட்டணமாக நேரே பள்ளிக்கே செல்லும்.

2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட லோரியஸ் அறக்கட்டளை முதன்முதலில் ஆதரவளித்த திட்டம் இதுவே. கழகத்திலிருந்து 1994இல் உருவான 'மத்தாரே யுனைடெட்' அணி, 2008இல் கென்யாவின் முதன்மை லீக் பட்டத்தை வென்றது.

கால்பந்து மத்தாரேயின் வறுமையை ஒழித்துவிடவில்லை. இன்றும் அது குடிசைப் பகுதிதான். விளையாட்டு நிதி, வீட்டுக்கும் வேலைக்கும் மாற்றாகாது. ஆயினும், ஊரே ஒதுக்கிய ஒரு சிறுவன் தன் தெருவுக்குத் தேவைப்படுகிறவனாக மாறியிருக்கிறான். வாங்கிக்கொண்டே இருப்பவர் என்றும் வெளியாள்தான். கொடுக்கத் தொடங்குகிறவரே ஊராராகிறார்.

நிதி கேட்கும் விண்ணப்பங்களில் 'பயனாளிகள் எத்தனை பேர்?' என்று தவறாமல் எழுதுகிறோம். அவர்கள் ஏற்கப்போகும் பொறுப்பு என்ன என்பதையும் எழுதுகிறோமா?