நோக்கியும் காட்டியும்

யாங்கோனில் தொலைநோக்கியை ‘மன் பியவுங்’ என்கிறார்கள். ‘மன்’ என்றால் கண்ணாடி, ‘பியவுங்’ என்றால் குழல். துப்பாக்கிக் குழலுக்கும் இதே ‘பியவுங்’தான். பைனாகுலரும் அந்தப் பெயருக்குள் அடங்கிவிடும். இன்னதென்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் முன்னால் ‘அவே ஜி’ என்று சேர்ப்பார்கள். தூரத்தைப் பார்க்கும் கண்ணாடிக் குழல் என்று ஆகிவிடும். நுண்ணோக்கி அவர்களுக்கு ‘அணு ஜி மன் பியவுங்’. அதில் வரும் அணு நமக்கும் பழகிய அணுவேதான், பாலி மொழி வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. ‘மன்’ என்ற அதே எழுத்துக்கு உண்மை, சரி என்ற பொருளும் உண்டு. நாம் ‘ஆமாம், சரிதான்’ என்று சொல்கிற இடத்தில் அவர்கள் ‘மன்தே’ என்பார்கள்.

பர்மியப் பெயரில் ஒரு தச்சனின் நேர்மை இருக்கிறது. என்னென்ன சேர்ந்து அந்தப் பொருள் ஆகியிருக்கிறதோ அதைச் சொல்லிவிட்டு நிற்கிறது. தமிழ்ப் பெயர் அப்படியில்லை. கண்ணாடியும் இல்லை, குழலும் இல்லை. தொலைவை நோக்குவது எதுவோ, யாரோ, அதுதான் தொலைநோக்கி.

ஆனால் கண்ணாடி என்று வந்துவிட்டால் இரு மொழிகளும் ஒரே கற்பனையில் போய் முட்டிக்கொள்கின்றன. பர்மிய மொழியில் வில்லைக்கு ‘மன் பீலூ’ என்று பெயர். பீலூ என்பவன் கோரைப்பல்லும் உருட்டு விழியுமாக பௌத்தக் கதைகளிலும் கூத்து மேடைகளிலும் வருகிற அரக்கன். கண்ணாடி அரக்கன் என்று வைத்துக்கொள்ளலாம். நம்மிடம் அது பூதக்கண்ணாடி. எறும்பை யானையாக்கும் வட்டக் கண்ணாடியைக் கண்டதும் வங்கக் கடலின் இரு கரைகளிலும் ஆளுக்கொரு பூதம் எழுந்து வந்திருக்கிறது. பாடப்புத்தகம் வில்லை, குவிவில்லை என்று எழுதிய பிறகும் கடைக்காரர் பூதக்கண்ணாடி என்றுதான் கேட்டு வாங்கச் சொல்வார்.

இந்த வட்டக் கண்ணாடியைப் பையன்கள் முதலில் திருப்புவது எறும்பின் பக்கமோ எழுத்தின் பக்கமோ அல்ல, சூரியன் பக்கம்தான். கீழே ஒரு காகிதம், அதில் ஒரு புள்ளி, பிறகு புகை. தமிழில் இதற்கு மிகப் பழைய பெயர் ஒன்று உண்டு: சூரியகாந்தக் கல். கதிர் பட்டால் தீயை உமிழும் கல் என்று புலவர்கள் அதைச் சொல்லிவந்தார்கள். சூரியனையும் கண்ணாடியையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பது தொலைநோக்கி பிறப்பதற்கு வெகு காலம் முன்பே நமக்குத் தெரியும். அந்தச் சேர்க்கைக்கு நடுவே கண்ணை வைக்கக் கூடாது என்பதையும் அந்தப் பெயரே எச்சரித்திருக்கிறது.

கருவிக்கு ஐரோப்பாவில் வந்த பெயருக்குத் தேதிகூடக் கிடைக்கிறது. 1608 அக்டோபரில் ஹான்ஸ் லிப்பர்ஷே என்ற மூக்குக் கண்ணாடிக்காரர் நெதர்லாந்து அரசிடம் காப்புரிமை கேட்டார். மறு ஆண்டே கலிலியோ தாமாகவே ஒன்றைச் செய்துகொண்டார். அவர் லத்தீனில் அதற்குச் சொன்ன பெயர் ‘பெர்ஸ்பிசில்லம்’. 1611 ஏப்ரல் 14 அன்று ரோமில் அவருக்கு நடந்த விருந்தில் ‘டெலஸ்கோப்’ என்ற கிரேக்கப் பெயர் வெளிவந்தது. அதைக் கட்டித் தந்தவர் ஜியோவான்னி டெமிசியானி என்ற கிரேக்க அறிஞர். டெலெ என்றால் தொலைவு, ஸ்கோப் என்றால் பார்ப்பது. அந்த ‘ஸ்கோப்’ பிறகு பயாஸ்கோப் பெட்டியோடு நம் திருவிழாக்களுக்கு வந்தது. டாக்டரின் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பாகத் தொங்கியது. ஸ்டெதஸ்கோப்பில் பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது, காதுக்குத்தான் வேலை. பெயரில் உள்ள கண் எங்கெங்கோ போய்விட்டது.

இந்தியாவுக்கு இந்தக் கருவியோடு பல பெயர்கள் வந்தன. பாரசீகத்திலிருந்து தூர்பீன், சமஸ்கிருதத்தில் கட்டிய தூரதர்சினி, பழைய தமிழ் அகராதிகளில் தூரதிருஷ்டிக் கண்ணாடி. இவை எல்லாம் ஒரே தெருவில் புழங்கக்கூடிய ஊர் ஒன்று இருந்தது என்றால் அது 1930களின் ரங்கூன், இன்றைய யாங்கோன். அந்த நகரத்து மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். வங்காளியும் சூரத் வியாபாரியும் தூர்பீன் என்பார்கள், தெலுங்குக்காரர் தூரதர்சினி என்பார், மொகல் தெருச் செட்டியார் கண்ணாடி என்று முடிப்பார், துறைமுகத்துக் கப்பல் மாலுமி டெலஸ்கோப் என்பார், அந்த ஊருக்கு உரியவரோ மன் பியவுங் என்பார். எழுத்தாளர் வெ. சாமிநாத சர்மா 1937 முதல் 1942 வரை ‘ஜோதி’ என்ற தமிழ் மாத இதழை இந்த ரங்கூனில்தான் நடத்தினார். அறிவு நடைக்குத் தமிழ்ச் சொற்களைத் தேடிப்பிடித்துக்கொண்டிருந்த தலைமுறை அது. ஜப்பானியக் குண்டுவீச்சு வந்ததும் ஆயிரமாயிரம் பேரோடு அவரும் காட்டு வழியாக இந்தியாவுக்குத் திரும்பினார்.

அவ்வளவு தமிழர் அங்கே போய்ச் சேர்ந்ததற்கான காரணங்களில் ஒன்றைத் தொட்டால் சூரியனிடமே வந்து சேர்கிறோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருஷப் பஞ்சம். ஊரில் பிழைக்க வழியற்றவர்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினார்கள். அரசாங்கம் வேறொரு திசையில் யோசித்தது. மழை ஏன் பொய்த்தது? சூரியனின் முகத்தில் தோன்றி மறையும் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒரு முறை பெருகிச் சுருங்குகின்றன. பருவமழையும் அந்தத் தாளத்துக்கு ஆடுகிறதோ என்று அன்றைய விஞ்ஞானிகள் சிலர் நம்பினார்கள். சூரியனைத் தினமும் கண்காணித்தால் பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லலாம். 1893இல் கெல்வின் பிரபு தலைமையில் கூடிய குழு, சூரியனுக்கென்றே ஓர் ஆய்வகத்தைத் தூசியில்லாத தென்னிந்திய மலை ஒன்றில் அமைக்கலாம் என்று முடிவு செய்தது. நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இருந்த சென்னை வானாய்வகத்தின் கருவிகள் மலையேறின. 1899 ஏப்ரல் 1 அன்று கொடைக்கானல் சூரிய ஆய்வகம் பிறந்தது. ஒரே பஞ்சம் ஒரு பக்கம் கூலிகளை ரங்கூன் துறையில் இறக்கியது, மறுபக்கம் தொலைநோக்கிகளைப் பழனி மலைமேல் ஏற்றியது. கரும்புள்ளியை எண்ணிப் பஞ்சத்தைச் சொல்லும் வித்தை மட்டும் கைகூடவில்லை. ஆனால் அங்கே 1909இல் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியின் விளிம்புப் பகுதியில் வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். உலகம் அதை இன்றும் எவர்ஷெட் விளைவு என்று அவர் பெயரால்தான் சொல்கிறது.

கொடைக்கானலில் உள்ள சுரங்கத் தொலைநோக்கியைப் பற்றிப் படித்தபோதுதான் ‘நோக்கி’ என்ற சொல் எனக்கு உறுத்தத் தொடங்கியது. சுமார் 11 மீட்டர் உயரக் கோபுரத்தில் 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஆடி ஒன்று சூரியனைப் பின்தொடர்ந்து திரும்புகிறது. அது பிடிக்கும் ஒளியை மற்ற ஆடிகள் கீழே இறக்கி, 60 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்துக்குள் படுக்கையாகத் திருப்பிவிடுகின்றன. அங்கே 38 சென்டிமீட்டர் வில்லை ஒன்று அதை வாங்கி, 36 மீட்டர் தள்ளிச் சூரியனின் உருவத்தை விழச் செய்கிறது. விட்டம் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர், ஒரு பெரிய தோசை அகலம். அந்த உருவத்தின் ஒரு கீற்றை மட்டும் எடுத்து நிறமாலையாகப் பிரித்துப் பதிவு செய்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் கண்ணை வைக்கிற இடம் எங்கேயும் இல்லை. குழலும் கிடையாது, கட்டடம்தான் குழல். ஒளி போதவில்லை என்பதல்ல இங்கே தொல்லை, மிதமிஞ்சி வருகிறது என்பதுதான். நட்சத்திரக்காரர்கள் ஒவ்வொரு துளி வெளிச்சத்துக்கும் ஏங்கிப் பெரிய ஆடி கட்டுகிறார்கள். சூரியக்காரர்கள் பெரும்பகுதியை எப்படிக் கழித்துக்கட்டுவது என்று மூளையைக் கசக்குகிறார்கள்.

தொடக்கத்திலேயே இப்படித்தான். கலிலியோவின் மாணவர் பெனடெட்டோ காஸ்டெல்லி, தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பி, அதன் பின்னால் ஒரு காகிதத்தைப் பிடித்தார். கரும்புள்ளிகள் காகிதத்தில் விழுந்தன, மேலேயே கோடு இழுத்து வரைந்துகொள்ளலாம். நம் ஊர்களில் கிரகண நாளில் சாணி கரைத்த தண்ணீரில் சூரியனைப் பார்க்கச் சொன்ன பாட்டிமார்களும் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தவர்கள். நேரே பார்க்காதே, எதிலாவது விழவிட்டுப் பார். (அந்தத் தண்ணீரை நம்பி யாரும் இப்போது இறங்கிவிட வேண்டாம், கண்ணுக்கு அது போதுமான காப்பு அல்ல.)

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இங்கேதான் நமக்கு முந்திக்கொள்கின்றன. அவற்றில் டெலஸ்கோப் தொலைகாட்டி, மைக்ராஸ்கோப் நுணுக்குக்காட்டி. தமிழ்நாட்டில் நோக்கி, யாழ்ப்பாணத்தில் காட்டி. இதை வெறும் வட்டார வேறுபாடு என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. நோக்குவது மனிதன், காட்டுவதுதான் கருவி. திசைகாட்டியைத் ‘திசைநோக்கி’ என்று நாம் சொல்வதில்லை. நாள்காட்டி, ரயிலடிக் கைகாட்டி எல்லாம் நம்மிடமும் காட்டிகளே. தொலைவுக்கு மட்டும் ஏன் கருவிக்குக் கண் முளைக்க வேண்டும்? ‘நோக்கி’க்காக வாதாடுபவர் ஒன்று சொல்லலாம்: மேற்கு நோக்கி, கடலை நோக்கி என்று திசை காட்டவும் அதே சொல்தானே வருகிறது, பகல் முழுதும் சூரியன் பக்கம் திரும்பியே நிற்கும் கோபுர ஆடிக்கு அது பொருந்தாதா? பொருந்தும்தான். ஆனால் அந்தக் கணக்கில் சூரியகாந்திப் பூவும் தொலைநோக்கி ஆகிவிடும். இதற்கிடையே தமிழ்நாட்டு அரசியல் அந்தச் சொல்லை வேறெங்கோ இழுத்துப் போய்விட்டது. 2012இல் வெளியான ‘தொலைநோக்குத் திட்டம் 2023’க்குப் பிறகு மேடையில் யாராவது தொலைநோக்கு என்றால் வானத்தை நினைப்பவர் யாருமில்லை.

மூன்று பெயர்களும் ஒரே நிழலுக்குள் வந்த நாள் ஒன்று உண்டு. மாட்டுப் பொங்கலும் தை அமாவாசையும் சேர்ந்து வந்த 2010 ஜனவரி 15. கங்கண சூரிய கிரகணத்தின் பாதை இராமேசுவரத்தையும் யாழ்ப்பாணத்தையும் தொட்டு, வங்கக் கடலைக் கடந்து, பர்மாவின் மேற்குக் கரையில் ஏறிச் சீனாவுக்குள் போனது. தனுஷ்கோடி மணலில் தொலைநோக்கி, பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் தொலைகாட்டி, பர்மியக் கரையில் மன் பியவுங். யாங்கோன் நடுப்பாதைக்குத் தெற்கே தள்ளி இருந்ததால் அங்கே பகுதி கிரகணம் மட்டும்.

யாங்கோனுக்குச் சூரியனைக் கணக்கில் பிடிக்கத் தெரியும், அது தனிக் கலை. சூலே பகோடாவின் சுற்றுக் கடைகளில் ஜாதகம் பார்க்கும் ‘பேடின் சயா’க்களின் பேடினில் நம் வேதம் இருக்கிறது, அவர்கள் எண்ணும் ‘நெக்கத்’தில் நட்சத்திரம் இருக்கிறது. ராகு அவர்கள் நாவில் யாஹு. ஏப்ரல் நடுவில் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் தின்ஜான், சங்கராந்தி என்ற சொல்லின் பர்மிய வடிவம். நமக்குச் சித்திரை பிறக்கிற அதே மேஷப் பிரவேசம்தான் அங்கும் கணக்கு. ஷ்வேடகோன் மேடையில் ஞாயிற்றுக்கிழமை பிறந்தவர்கள் வடகிழக்கு மூலையில் கருடன் காவலிருக்கும் சூரியனுக்கு நீர் வார்க்கிறார்கள். நம் நவக்கிரக மேடையில் சூரியன் நடுவில், அங்கே மூலையில். இந்தச் சொற்களில் ஒன்றுக்கும் கண்ணாடியோ குழலோ தேவைப்படவில்லை, சித்தாந்த நூல்களின் எண்களே போதுமாக இருந்தன.

பிற்காலக் கருவிகளிடம் பர்மியப் பெயரும் தோற்றுவிடுகிறது. ஊட்டிக்கு அருகே முத்தோரையில் 1970இல் கோவிந்த் ஸ்வரூப் குழு கட்டி முடித்த வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அந்த இடத்தின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு சாய்வுள்ள மலைச்சரிவாகத் தேடிப்பிடித்து நிறுத்தியதால், அதன் அச்சு பூமியின் சுழற்சி அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது. ஒரே அச்சில் உருட்டினால் போதும், வானத்துப் பொருளை மணிக்கணக்காகப் பின்தொடரலாம். சூரியனிலிருந்து வீசும் துகள் காற்றையும் அது அளந்திருக்கிறது. அதில் மன்னும் இல்லை, பியவுங்கும் இல்லை, கம்பிகள் மட்டுமே. ‘வானொலி’யும் ‘நோக்கி’யும் ஒரே பெயரில் எப்படி உட்கார்ந்தன என்று கேட்டால் தமிழுக்கும் பதில் சொல்லக் கஷ்டம்தான்.

2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சூரிய ஆய்வு விண்கலம் ஆதித்யா எல்-1, மறு ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் தன் இடத்தை அடைந்தது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். கொடைக்கானலை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் உருவாக்கிய கருவி ஒன்று அதில் இருக்கிறது. சூரியனின் வட்டத்தை மறைத்துவிட்டு அதன் வெளிப்புற ஒளிவட்டத்தை மட்டும் எடுத்துக் காட்டும், நாள்தோறும் ஒரு செயற்கைக் கிரகணம்.

காட்டி என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடைக்காது. யாங்கோனில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறவர் தமிழ்நாட்டுப் புத்தகத்தை மூடிவைத்துத் தொலைகாட்டி என்றே பலகையில் எழுதலாம் என்பது என் கட்சி. எதிர்ப்பு ஒன்று வரும் என்று தெரியும்: தொலைகாட்டிக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே எழுத்து வேறுபாடு மிகக் குறைவு, பிள்ளைகள் குழம்பிவிடும். குழம்பட்டும். ஆதித்யா அனுப்பிய சூரியனை நம்மில் பெரும்பாலோர் பார்த்ததும் தொலைக்காட்சியில்தானே.