விற்பனைக்குப் பிறந்த கதைகள்



ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்குப் பழகிப்போன காரியம் ஒன்றுண்டு. பாடப்புத்தகத்தின் நடுவே மறைத்து வைத்துச் சித்திரக்கதை படிக்கும் மாணவனைக் கண்டுபிடித்து, அப்புத்தகத்தைப் பறித்து, மேசை லாச்சியில் இட்டுப் பூட்டுவதே அது. நானும் பல ஆண்டுகள் அங்ஙனம் செய்தவனே. 'பொம்மை வியாபாரிகளின் விளம்பரங்கள் இவை. இவற்றிலே படிப்பதற்கு என்ன இருக்கிறது?' என்று அப்பொழுது எண்ணினேன். அவ்வெண்ணத்தின் முற்பாதி உண்மை, பிற்பாதி பிழை. பொம்மை விற்பதற்காகவே பிறந்து, மறைந்து, பின்னர் மீண்டும் எழுந்த இரண்டு அமெரிக்கச் சித்திரக்கதைகளின் வரலாற்றால் இதனை இன்று விளக்க முயல்கின்றேன்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 1923 ஆம் ஆண்டில் ஹசன்பெல்ட் சகோதரர் தொடங்கிய வியாபாரமே பிற்காலத்தில் ஹஸ்புரோ என்னும் பெரும் பொம்மைக் கம்பனியாயிற்று. 1964 இல் அக்கம்பனி 'ஜீ. ஐ. ஜோ' என்ற போர்வீரன் பொம்மையை விற்பனைக்குக் கொணர்ந்தது. அது ஏறக்குறைய ஓர் அடி உயரமுடையது. ஆண்பிள்ளைகள் பொம்மை வாங்கமாட்டார் என்று அஞ்சிய வியாபாரிகள், பொம்மை என்ற சொல்லையே விலக்கி, செயல்புரியும் உருவம் என்று பொருள்படும் புதுப்பெயர் ஒன்றை அதற்கு இட்டனர். முதலிற் பெரும் வரவேற்பு இருந்தது. ஆனால் வியட்நாம் போர் நீள நீள, போர்க்கோலம் பூண்ட பொம்மையின்மேல் மக்களுக்கிருந்த விருப்பம் குன்றியது. போர்வீரனைத் துணிகரப் பயணியாக மாற்றிப் பார்த்தனர். அதுவும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1970 களின் பிற்பகுதியில் ஜீ. ஐ. ஜோ கடைகளிலிருந்து மறைந்தான்.

1982 இல் அவனை மீண்டும் எழுப்ப ஹஸ்புரோ முனைந்தபொழுது, நாலங்குலத்திற்கும் குறைவான சிறு உருவங்களாக ஒரு படையையே செய்தது. அப்படைக்கு ஒரு கதை வேண்டியிருந்தது. ஆகவே மார்வெல் சித்திரக்கதை நிறுவனத்தை நாடியது. இதிலே வியாபார தந்திரம் ஒன்றும் இருந்தது. பொம்மைக்கான தொலைக்காட்சி விளம்பரத்தில் அசையும் சித்திரங்களை எவ்வளவு காட்டலாம் என்பதற்கு அந்நாட்டில் வரம்பு இருந்தது. சித்திரக்கதைப் புத்தகத்தை அதுவரை எவரும் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்யாமையால், அதற்கு அவ்வரம்பு விதிக்கப்படவில்லை. எனவே கம்பனி புத்தகத்தை விளம்பரம் செய்தது. புத்தகம் பொம்மையை விளம்பரம் செய்தது. கலையுள்ளத்தால் அன்றி, விதியிலிருந்த ஒரு சிறு துவாரத்தின் வழியாகவே இக்கதை உலகிற்கு வந்தது.

அதை எழுதும் பொறுப்பு லறி ஹாமா என்பவரிடம் வந்தது. ஜப்பானிய வழித்தோன்றலான இவ்வமெரிக்கர், 1969 முதல் 1971 வரை இராணுவத்தின் பொறியியற் படையில் பணிபுரிந்தவர். படைவீரனின் பேச்சும் நகைப்பும் அச்சமும் சோர்வும் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு பாத்திரத்திற்கும் ஊர், பெயர், கல்வி, குணம் என்பவற்றை ஒரு கோவை போல அவர் எழுதி வைத்தார். அக்குறிப்புகளையே கம்பனி பொம்மைப் பெட்டிகளின் பின்புறத்தில் அச்சிட்டது.

இப்படையிலே 'ஸ்னேக் ஐஸ்' என்று ஒருவன் உளன். உருவங்களுக்கு வர்ணம் பூசும் செலவை மிச்சப்படுத்துவதற்காக, முழுவதும் கறுப்பு நிறத்தில் வார்த்தெடுக்கப்பட்ட பொம்மை அவன். முகமும் இல்லை, வர்ணமும் இல்லை. ஹாமா அக்குறையையே கதையாக்கினார். விபத்தொன்றில் முகம் சிதைந்து குரலையும் இழந்த வீரன் என்று அவனுக்கு ஒரு வாழ்வைக் கொடுத்தார். 1984 இல் வெளியான 21 ஆம் இதழில், பேச்சோ விளக்கமோ ஒரு சொல்லேனும் இன்றி, சித்திரங்களாலேயே முழுக் கதையையும் நடத்திக் காட்டினார். ஊமைவீரனின் கதை ஊமையாகவே சொல்லப்பட்டது. சித்திரக்கதைக் கலையை ஆராய்வோர் அவ்விதழை இன்றும் எடுத்துக் காட்டுகின்றனர். செலவுச் சுருக்கத்தில் பிறந்த பொம்மை, எழுதியவனின் சிரத்தையால் மனிதனாகியது.

இரண்டாவது கதை 'ரான்ஸ்போமர்ஸ்'. மோட்டார் வண்டியாகவும் விமானமாகவும் உருமாறும் இயந்திர மனிதப் பொம்மைகளை ஜப்பானின் தக்கரா கம்பனி 1980 களின் தொடக்கத்தில் விற்றுவந்தது. அவற்றுட் பல, மனிதர் உள்ளிருந்து செலுத்தும் வெறும் யந்திரங்களாகவே கருதப்பட்டன. ஹஸ்புரோ அவற்றை அமெரிக்காவிற்குக் கொணர்ந்து, முன்போலவே மார்வெல்லிடம் கதை கேட்டது. சைபர்ட்ரோன் என்னும் தொலைக்கிரகத்தில் இரு பிரிவினராகிப் பொருதும் உயிருள்ள இயந்திரங்கள் என்ற கரு அங்ஙனம் உருவாயிற்று. நல்லோர் தலைவனுக்கு 'ஒப்ரிமஸ் பிரைம்' என்ற பெயரை டெனிஸ் ஓ'நீல் இட்டார். ஏனைய பெரும்பாலான பாத்திரங்களின் பெயர்களையும் குணங்களையும் வகுத்தவர் பொப் புடியான்ஸ்கி.

1984 இல் நான்கே இதழ்களில் முடிவதாகத் தொடங்கிய அக்கதை 1991 வரை நீண்டு 80 இதழ்களைக் கண்டது. நான்கு இதழ்த் தொடரின் 80 ஆவது இதழ் என்று இறுதி அட்டையிலே நகைச்சுவையுடன் அச்சிட்டிருந்தனர். பிரித்தானியாவிலோ அது வார இதழாக 1992 வரை 332 இதழ்கள் வெளிவந்தது. சைமன் பேர்மன் என்னும் எழுத்தாளர் அவ்வார இதழிலே வளர்ந்து, பின்னர் அமெரிக்க இதழையும் எழுதலானார்.

நேயர்களே, வியாபாரமும் கதையும் முரண்பட்ட இடம் ஒன்றையும் இங்கே கூறவேண்டும். 1986 இல் ரான்ஸ்போமர்ஸ் திரைப்படம் வெளியாயிற்று. பழைய பொம்மைகளின் விற்பனைக் காலம் முடிந்துவிட்டது. புதியவற்றிற்கு இடம் வேண்டும் என்று கருதிய கம்பனி, ஒப்ரிமஸ் பிரைமைப் படத்தின் முற்பகுதியிலேயே இறக்கச் செய்தது. திரையரங்குகளிற் பிள்ளைகள் அழுதனர். பெற்றோரின் முறைப்பாடுகள் குவிந்தன. விற்பனைப் பட்டியலிலிருந்து ஒரு பொருளை நீக்கியதாகவே வியாபாரிகள் எண்ணியிருந்தனர். பிள்ளைகளோ ஒரு தலைவனை, ஏன், ஒரு தந்தையை இழந்ததாக உணர்ந்தனர். 1987 இல் தொலைக்காட்சித் தொடரில் அவன் மீண்டும் உயிர்பெற்றான். கதையின் உண்மையான உடைமையாளர் யார் என்ற வினா அன்றே எழுந்துவிட்டது.

எனினும் காலம் மாறியது. பிள்ளைகளின் விருப்பம் வேறு விளையாட்டுகளிற் சென்றது. ரான்ஸ்போமர்ஸ் 1991 இலும், ஜீ. ஐ. ஜோ 1994 இல் 155 ஆம் இதழோடும் நின்றன. அவ்விறுதி இதழிலே, பேசமுடியாத ஸ்னேக் ஐஸ், படையிற் சேர விரும்பும் தன் பழைய தோழனின் மகனுக்கு ஒரு கடிதம் எழுதுகின்றான். பொம்மை விளம்பரமாய்த் தொடங்கிய ஏடு இவ்வாறு முடிந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சில ஆண்டுகள் மௌனமாய்க் கழிந்தன. பின்னர் 2001 இல் டெவில்ஸ் டியூ என்ற குழுவினர் ஜீ. ஐ. ஜோவையும், 2002 இல் கனடாவின் ட்ரீம்வேவ் நிறுவனத்தினர் ரான்ஸ்போமர்ஸையும் மீண்டும் வெளியிட்டனர். இரண்டும் அமோகமாக விற்பனையாயின. காரணம் அறிவது அரிதன்று. 1984 இல் எட்டு வயதுப் பிள்ளையாயிருந்தவன் 2002 இல் இருபத்தாறு வயது இளைஞன். கையிலே சம்பளமும் நெஞ்சிலே பழைய நினைவும் உடையவன். முன்பு பெற்றோர் வாங்கிக் கொடுத்ததை இப்பொழுது தானே வாங்கினான். இவ்வெற்றியைக் கண்டு, தண்டர்கட்ஸ், ஹீ-மான் முதலிய அக்காலத்து ஏனைய பாத்திரங்களையும் பதிப்பாளர்கள் மறுபடி அச்சேற்றினர்.

ஆனால் 2005 ஜனவரியில் ட்ரீம்வேவ் நிறுவனம் கடன்பட்டு மூடப்பட்டது. அதன் கதைகள் பாதி வழியில் அறுந்தன. பழைய முகங்களை மீண்டும் காணும் மகிழ்ச்சியால் ஒருவன் முதற் புத்தகத்தை வாங்குவான். பத்தாவது புத்தகத்தை வாங்குவதற்கு அவனுக்குக் கதை வேண்டும் என்பது என் துணிபு.

அக்கதையைத் தேடிய முயற்சி ஐ. டி. டபிள்யு. என்னும் கலிபோர்னிய நிறுவனத்தில் நடந்தது. 2005 இல் ரான்ஸ்போமர்ஸ் உரிமையையும் பின்னர் ஜீ. ஐ. ஜோ உரிமையையும் அது பெற்றது. அங்கே 2010 இல் ஓர் அரிய காரியம் நிகழ்ந்தது. லறி ஹாமா, தாம் 1994 இல் விட்ட இடத்திலிருந்தே கதையைத் தொடர்ந்தார். இடையிற் பிறர் எழுதியவற்றைக் கணக்கிற் கொள்ளாது, 155 இற்கு அடுத்ததாக 155½ என்ற எண்ணோடு இதழ் வந்தது. 2012 இல் சைமன் பேர்மனும் அவ்வாறே 80 இற்குப் பின் 80.5 என்று தொடங்கி, 100 ஆம் இதழில் 2014 இல் தம் கதையை நிறைவு செய்தார். அறுந்த நூலைப் பதினாறு ஆண்டும் இருபத்தொரு ஆண்டும் கழித்து அதே கைகள் எடுத்து முடிந்தன.

அதே 2012 இல் ஜேம்ஸ் றொபேட்ஸ் என்பார் எழுதத் தொடங்கிய ரான்ஸ்போமர்ஸ் தொடர் வேறொரு வழியிற் சென்றது. இவர் பிரித்தானிய வாசகர் சங்கத்திலே வளர்ந்து, ஊதியம் கருதாது இப்பாத்திரங்களை வைத்து நாவலே எழுதியவர். போர் முடிந்தபின் போர்வீரர் என்ன செய்வர், குற்றம் புரிந்தவன் திருந்த முடியுமா என்னும் வினாக்களை இயந்திர மாந்தரைக் கொண்டு அவர் ஆராய்ந்தார். வாசகனே ஆசிரியனாகிய இடம் இது.

2022 இன் முடிவில் அந்நிறுவனத்தின் உரிமை முடிவுற்று, ஸ்கைபவுண்ட் என்னும் நிறுவனத்திடம் சென்றது. 2023 ஒக்டோபரில் டானியல் வோறன் ஜோன்சன் எழுதிச் சித்திரமும் தீட்டிய புதிய ரான்ஸ்போமர்ஸ் வெளியாயிற்று. சித்திரக்கதை உலகின் பெரும் கௌரவமாகிய ஐஸ்னர் விருதுகளில், சிறந்த தொடருக்கான விருதை 2024 இல் அது பெற்றது. சிறந்த எழுத்தாள ஓவியருக்கான விருது ஜோன்சனுக்கே கிடைத்தது. ஹாமாவின் தொடரும் 300 ஆம் இதழை 2022 இற் கண்டு, 2023 நவம்பரில் 301 ஆம் இதழோடு புதிய இல்லத்திலே தொடர்ந்தது.

இவ்வரலாற்றில் மகிழ்ச்சியோடு ஒரு வருத்தமும் கலந்திருக்கின்றது. நமது கூத்துக் களரியில் ஒரே கதையைத் தலைமுறை தலைமுறையாக ஆடுகின்றோம். அதற்கு எவரிடமும் உரிமைச்சீட்டு வாங்கவேண்டியதில்லை. இக்கதைகளோ அத்தகையன அல்ல. ஸ்னேக் ஐஸுக்கு உயிரூட்டிய ஹாமாவிற்கும், இயந்திரங்களுக்குப் பெயரிட்ட புடியான்ஸ்கிக்கும் அப்பாத்திரங்கள் சொந்தமில்லை. உரிமை கம்பனியுடையது. ஒப்பந்தம் முடிந்தால் பல ஆண்டு வளர்த்த கதையும் ஒருநாளில் முடியும். அங்ஙனமிருந்தும் அவர்கள் குறைவாக எழுதவில்லை. அதனாற்றான், பொம்மைகள் உடைந்து காணாமற் போன பின்னும் வாசகர் கதையை மறவாதிருந்தனர். அம்மறவாமையே மறுபதிப்புகளுக்கெல்லாம் மூலதனம். அது எந்தக் கம்பனியின் கணக்கேட்டிலும் எழுதப்பட்டதன்று.

ஒரு கதை எதற்காகப் பிறந்தது என்பதைக் கொண்டு அதனைத் தள்ளிவிடலாகாது. எழுதியவன் அதிலே எதை வைத்தான், படித்தவன் அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டான் என்பதையும் பார்த்தல் வேண்டும். வகுப்பு நேரத்திற் சித்திரக்கதை படிப்பது முறையன்று என்ற என் கருத்து இன்றும் மாறவில்லை. ஆனால் இப்பொழுது புத்தகத்தைப் பறித்தால், லாச்சியிற் பூட்டுவதற்கு முன், இரண்டு பக்கம் படித்துப் பார்க்கின்றேன். மணி அடித்ததும் உரியவனை அழைத்து, கதை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டுவிட்டே திருப்பிக் கொடுக்கின்றேன். பாடத்தில் வாய் திறவாத பிள்ளையும் அதற்கு விரிவாக விடை சொல்லுகின்றான்.